எண்பத்தெட்டு

இருபத்திரண்டு நிமிடப் படம்.
கதை கிடையாது, ஆள் பேசுவது கிடையாது.
எண்ணுகிற குரல் மட்டும்.
அது என் குரல்.

சங்கு குளிக்கிறவன் தலைக்குள் என்ன ஓடுகிறது
அதை எடுக்கப் போகிறேன் என்றான் கஸ்ஸாலி.
கீழக்கரைக்காரன். மெட்ராஸில் படிப்பைப் பாதியில் விட்டவன்.
இரவல் கேமராவுக்கு மீன்தொட்டிக் கண்ணாடியில் பெட்டி செய்து
சைக்கிள் டியூபை வெட்டி இடுக்கு அடைத்து
வாலிநோக்கத்தில் வந்து இறங்கினான்.

முங்கியது சேசுராயன்.
கயிறு பிடித்தது நான்.
சத்தமாய் எண்ணு என்று சொல்லிவிட்டு
டேப் ரெக்கார்டரை வள்ளத்தின் அணியத்தில் வைத்தான்.

நாற்பது வரை பச்சை.
அறுபதில் நெஞ்சு முரண்டு பிடிக்கும்.
அதைத் தாண்டிட்டா, சேசு சொல்வான்,
"மூச்சா, அது எதுக்குன்னு ஆயிரும் மாப்ளே."

அந்த 'எதுக்கு'க்காகத்தான் கஸ்ஸாலி
எடுத்த சுருளைக் கடல்தண்ணீர்ப் பானையில்
மூன்று நாள் ஊறப்போட்டான்.
உப்பு தின்றது போக மிச்சம்தான் படம்:
செதிள் செதிளாய் உரியும் நீலம்,
ஒரு கை, கையோ பாசியோ,
சூரியன் இருந்த இடத்தில் பொத்தல்.

மீன் ஏலக் கொட்டகையில்
கிழிந்த பாய்மரத் துணியைக் கட்டிக் காட்டினோம்.
பதினெட்டுப் பேர்.
ஐஸ் வண்டிக்காரர் பாதியில் எழுந்தார்,
"பீடி இழுக்கக்கூட மூச்சு வரமாட்டேங்குதுப்பா."
படத்துக்கு வந்த நல்ல விமர்சனம்
இன்றுவரை அது ஒன்றுதான்.

எண்பத்தாறு. எண்பத்தேழு. எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டு.
எண்பத்தெட்டு.

நூற்றிநாலு.

தில்லியிலிருந்து வந்த ஒருவர்
இந்த இடத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்து
காலத்தை உடைக்கும் உத்தி என்றார்.
நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

தண்ணீர்மேல் வெயில்
சில்லுச் சில்லாய் நெளிந்துகொண்டிருந்தது அன்றைக்கு.
அந்தச் சில்லுகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.
வாய் பழைய எண்ணிலேயே நின்றது, அப்புறம் அதுவும் இல்லை.
கயிறு யார் கையிலோ இருந்தது.
கீழே ஒருவன் இருக்கிறான் என்பது
எப்போதோ கேட்ட சேதி மாதிரி.

உள்ளங்கை எரிந்ததும்தான்
அவன் இழுக்கிறான் என்று தெரிந்தது.

மேலே வந்தவனுக்கு மூக்கில் ரத்தம்.
எவ்வளவு என்றான்.
நூற்றிநாலு என்றேன், குத்துமதிப்பாக.
சிரித்தான். "அவ்வளவுதானா."
அங்கே என்ன பார்த்தாய் என்று கஸ்ஸாலி
ராத்திரி முழுக்கக் கேட்டான்.
மேலே என்ன பார்த்தாய் என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

சேசு இப்போது குவைத்தில் சாரம் கட்டுகிறான்.
கடலைவிட உயரம்தான் பயம் என்பான்.
சுருள் இருக்கும் தகர டப்பா என் வீட்டுப் பரணில்.
திறந்தால் புளித்த வாடை.

சில வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் போன் வரும்.
பிள்ளையின் ஃபீஸ், படகு மானியம், தூக்கமின்மை.
அப்புறம், "எண்ணு மாப்ளே."
எண்ணுவேன்.
எண்பத்தெட்டு வரை.