கடன் வாங்காத கழித்தல்

மூன்றில் ஏழு போகாது என்று
பள்ளியில் சொல்லித் தந்தார்கள்.
இங்கே போகும்.
மூன்றில் ஏழு போனால் ஆறு.
பக்கத்து இலக்கத்திடம் கை நீட்டக் கூடாது,
கடன் கிடையாது, அவ்வளவுதான் விதி.
ஐந்தைந்து இலக்கமாக வந்து விழும் தந்திகளை
இப்படிக் கழித்துக் கழித்தே
மூன்று குளிர்காலம் சம்பளம் வாங்கினேன்.

மூடப்பட்ட பெண்கள் பள்ளியில் தையல் வகுப்பறை.
ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம்.
எட்டுப் பெண்கள், ஒரு கணப்பு.
சிக்கரி வேரை வறுத்துக் காய்ச்சிய தண்ணீரை
கேப்டன் ரவுத்தியோ காபி என்பார்.
அந்த அறையில் நாங்கள் சோதிக்காமலே
பொய்யென்று ஒதுக்கிய ஒரே வாசகம் அது.

மார்ச், இரவு இரண்டரை.
ஹெல்சிங்கியில் ஏதோ ஒரு நடுநிலை நாட்டின் தூதர்
தன் தலைநகருக்கு அனுப்பிய செய்தி.
அவருடைய குமாஸ்தா சோம்பேறி,
ஒரே சாவித்தாளை இருமுறை எடுப்பவர்.
முகம் பார்த்ததில்லை.
திங்கட்கிழமைகளில் அவருக்குத் தலைவலி என்பது மட்டும் தெரியும்.

டன், நிக்கல், கப்பல் என்றே
உடைந்துகொண்டிருந்த மேசையில்
'சமாதானம்' வந்து விழுந்தது.
பிறகு 'ரகசியம்'. பிறகு 'ஹோட்டல் அறை'.
பிறகு 'பழைய எல்லை'.
சின்ன ஊர்கள் குறிநூலில் இருப்பதில்லை,
எழுத்தெழுத்தாகத்தான் அனுப்புவார்கள்.
சோ, என்றது காகிதம்.
ர்.
த.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
பிறந்த ஊரை யாரும்
எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை.

சோர்த்தவலாவில் அக்காள் லெம்ப்பி இருந்தாள்.
முதல் போரில் எரிந்த வீட்டுக்கு
போன வருடம்தான் கூரை போட்டிருந்தாள்.
லடோகா ஏரிக் காற்றுக்கு நிற்க வேண்டுமென்று
பலகைக்கு இரண்டு ஆணி கூடுதலாக அடித்தாளாம்.
மொத்தம் எத்தனை ஆணி என்றும் எழுதியிருந்தாள்.

வாய் திறந்தால் ராணுவ நீதிமன்றம்.
உடைப்பதையே தொழிலாகக் கொண்டவள்
முதன்முறையாகப் பூட்ட உட்கார்ந்தேன்.
'அம்மாவின் சுவர்க்கடிகாரத்தை எனக்கு அனுப்பு.'
'இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது?'
'வெள்ளிக் கரண்டிகளையாவது.'
'கல்யாணமா? ஆள் யார்? லூத்தரனா, நம்மவனா?'
'இந்த வருடம் ஆப்பிள் கன்று வைக்காதே.'
'வாங்கியாயிற்று, பதினொன்று. பனி உருகட்டும்.'
தணிக்கைக்காரர் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.
அத்தனை கச்சிதம்,
திறக்க வேண்டியவளுக்கும் திறக்கவில்லை.

ஏப்ரலில் பேச்சு முறிந்தது.
அந்தச் செய்தியையும் நான்தான் உடைத்தேன்.
சந்தோஷப்பட்டேன்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
கூரை தப்பித்தது என்று
ஒளித்து வைத்திருந்த சர்க்கரைக் கட்டியை
அந்தச் சிக்கரித் தண்ணீரில் போட்டுக் குடித்தேன்.

ஜூனில் பீரங்கிகள்.
ஜூலையில் லெம்ப்பியின் கணவன் தௌனோ
ஒரு சதுப்பு நிலத்தில் விழுந்தான்.
செப்டம்பரில் கையெழுத்து.
மார்ச்சில் என் பென்சிலுக்கு அடியில் கிடந்த
அதே எல்லை.
செப்டம்பரிலிருந்து மார்ச்சைக் கழித்துப் பார்த்தேன்.
மூன்று முறை பார்த்தேன்.

பியெக்சமாகி ரயில் நிலையம், மழை.
சரக்குப் பெட்டிகளிலிருந்து மாடுகள் இறங்கின,
தையல் இயந்திரம், ஈரமான வைக்கோல்,
பிறகு அக்காள்.
மேசைவிரிப்பில் சுற்றிய கடிகாரத்தை
பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்திருந்தாள்.
'நீ கேட்டாயே' என்றாள்.
கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள்.
எப்போது கேட்டேன் என்று
மறு கையில் விரல் மடக்க ஆரம்பித்தாள்,
ஆகஸ்ட், ஜூலை என்று பின்னோக்கி,
உதடு மட்டும் அசைய.
ஒரு கை முடிந்து மறுபடி கட்டைவிரலுக்கு வந்தாள்.

அங்கே நின்றது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
துணிக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.