கத்திப்பாராவில் நாலே முக்கால்

ஞாயிறு விடியுமுன் நாலே முக்கால்.
மேம்பாலத்தின் வளைவுகளில் ஒரு தண்ணீர் லாரி,
அதன் ஒழுகலைத் தொடர்ந்து நாங்கள்.
பிலோமியின் பத்மினி முன்னால்,
என் ஹெரால்டு பின்னால்.

பந்தயமெல்லாம் இல்லை.
இரண்டுக்கும் சேர்த்தே எண்பது குதிரைகள்,
அதில் பாதி புதுப்பேட்டையில்
கன்னியப்பன் கடைவாசலில் நொண்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் பதினோரு வருஷ வாய்ச்சண்டை.
ஸ்டியரிங் கழுத்தில் கியர் வைத்த வண்டியை
குடைக்கம்பு என்பேன்.
மூஞ்சி முழுக்க முன்னால் கவிழ்ந்து திறக்கும் என் வண்டியை
வாய் பிளந்த முதலை என்பாள்.
இருக்கட்டும்.
முதலையின் முன்சக்கரத்தில் உட்கார்ந்தபடியே பிளக் மாற்றலாம்.
ராயப்பேட்டையில்
சைக்கிள்காரன் இறங்கித் தள்ளுகிற சந்தில்
ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும்.

முதல் சுற்று.
இடதுபக்கம் சுருளும் வளைவில்
பத்மினி உடம்பு முழுக்கச் சாய்ந்தது, தாராளமாக,
ஆனால் கோட்டை விட்டு ஒரு விரல் நகரவில்லை.
என் வண்டி சாயவில்லை.
அந்த மிதப்பில், நடுவளைவில்
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
எடுத்திருக்கக் கூடாது.
பின்சக்கரங்கள் இரண்டும்
வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் உள்ளே மடங்க,
நான் கிண்டிக்குப் போக
வால் மட்டும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியது.

பாலத்தடியில் டீ.
நடுக்கத்தை டம்ளர் சூட்டின் மேல் போட்டேன்.
"சாவிய மாத்திக்கலாமா?" என்றாள்.
பதினோரு வருஷத்தில் ஒருமுறையும் கேட்காதது.

பத்மினியின் இருக்கையில் தைல வாசனை.
நைட் டூட்டியில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி
வலது தோள் போய்விட்டதாகச் சொல்வாள்.
வளைவில் நான் திருப்பவே வேண்டியிருக்கவில்லை.
ஆகா, என்ன வண்டி என்று
வாய்விட்டே சொல்லியிருப்பேன்.
வளைவு முடிந்தது.
வண்டி முடிக்கவில்லை.
இன்னும் இடதுக்கே இழுத்துக்கொண்டு
கைப்பிடிச் சுவரை நோக்கிப் போனது.
வலக்கையால் பிடித்து இழுத்தேன். விட்டால் மறுபடியும்.
ஆலந்தூர் திரும்புவதற்குள் தோள் கடுத்தது.

எதிரே, எனக்கு முன்னால், என் ஹெரால்டு.
அதன் பின்பக்கத்தை
ஓடும்போது நான் பார்த்ததே இல்லை.
இடது பிரேக் விளக்கு எரியவில்லை.
வலது விளக்கு ஒவ்வொரு முறையும்
அணைந்து, திரும்ப எரிந்தது.

இறங்கியவள் கதவைச் சாத்தவில்லை.
"ரெண்டு தடவ மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்குது.
சொல்லவே இல்ல நீ."
"நல்லாத்தானே பிடிக்கும்."
"மொத மிதியில ஒண்ணுமே இல்ல, காத்து."
"உன்னுது இடதுபக்கம் இழுக்குது."
"எது? நேராத்தானே போகுது."

டீக்கடைக்காரர் கேட்டார்,
எந்த வண்டி சார் நல்ல வண்டி?
இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.
அவருக்கு எதுவும் புரியவில்லை.

வெளிச்சம் வருமுன் அவரவர் சாவி, அவரவர் வண்டி.
ஹார்ன் அடித்து அவள் பிரிந்து போனாள்,
வலது தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு,
நேராக.

சைதாப்பேட்டையில் குறுக்கே ஒரு நாய்.
நின்றேன். அது போயிற்று.
பின்னால் பஸ் கத்தியும் கிளம்பாமல்
காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
இரண்டு தடவை மிதித்திருந்தது.