பேசி

அரசடிச் சந்திக்குக் கிட்ட என் கடை.
வாசலில் ஒரு மடக்குப் பலகை:
'கைப்பேசி திருத்தப்படும்.'
எர்மீனா பல்தசார் அதை வாசித்துவிட்டு
உள்ளே வராமலே சிரித்தாள்.
"எங்கட பறங்கிப் பாசையில பேசி எண்டா மீன், கா.
கைமீன் திருத்துறியா நீ?"

அவளுடைய போன்
கல்லடிப் பாலத்தடியில் ஆற்றுக்குள் விழுந்து
முக்கால் மணித்தியாலம் கிடந்தது.
தோணிக்காரன் ஒருவன் அத்தாங்கால் அள்ளிக் கொடுத்தானாம்.
படம் போனால் போகட்டும், நம்பர் போனால் போகட்டும்,
குரல்கள் வேணும் என்றாள்.
பதினேழு பேருள்ள ஒரு குழு.
பனிச்சையடியில் ஒன்பது, டோஹாவில் இரண்டு,
மெல்பேர்னில் மூன்று, மிச்சம் எங்கேயோ.
எல்லாம் அந்தப் பாசையில்.

செத்துப்போன ஆருடையவோ
கடைசிச் சொல்லாக்கும் என்று
முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டேன்.
"பிரஷர் குக்கர் ஆரிட்ட எண்டு
மே மாசத்திலயிருந்து சண்டை.
தங்கச்சி ஒத்துக்கொண்டது
அதுக்குள்ளதான் கிடக்கு, கா."

நான் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
அவள் வாங்கில் இருந்து
இரவலாகக் கொடுத்த போனின் மொழிப் பட்டியலை
மேலும் கீழும் தள்ளினாள்.
"வெல்ஷ் எண்டா எங்க?"
இங்கிலாந்துக்குப் பக்கத்தில் என்றேன்.
அங்கே எல்லாருக்கும் இங்கிலீசு தெரியுமாம்.
"பிறகேன் அவைக்கு அது?"
எனக்குப் பதில் வரவில்லை.
கொஞ்சம் யோசித்து அவளே சொன்னாள்:
"அவைக்கும் குக்கர் இருக்கும்."

அவளுடையது பட்டியலில் இல்லை.
தமிழ் எழுத்தில் தட்டுகிறாள்.
சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு விழுகிறது,
பேசிக்கு மட்டும் விழுவதில்லை.
அது எங்களுடையது என்று
நினைத்துக்கொள்கிறது இயந்திரம்.

மூன்றாம் நாள் இரவு குரல்கள் வந்தன.
சரிபார்க்க ஒன்றைத் திறந்தேன்,
விளங்காதுதானே என்ற தைரியத்தில்.
ஒருத்தி கத்துகிறாள்.
குசினி என்கிறாள். அலுமாரி. சாவி.
என் வீட்டுக்குள் ஆரோ நடமாடுவதுபோல் இருந்தது.
கதிரையை விட்டு எழும்பினேன்.
மறுகா அந்தக் கதிரையையே பார்த்தபடி நின்றேன்.

கோட்டையோடு வந்தவைதான், தெரியும்.
பீரங்கியோடு வந்தவை.
பீரங்கி துருப்பிடித்துக் கிடக்கிறது;
சாவி இன்னும் திறக்கிறது.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம்.
நவம்பர் முழுக்கக் கேட்டேன்.
ஆர் தொடங்கினாலும் முதலில் ஒரே சொல்,
பின்னால் தகரக்கூரையில் பேரிரைச்சல்.
ஓரிடத்தில் என் பெயர் வந்தது.
போன வருசம் திரை மாற்றிய விலை வந்தது.
பிறகு ஒரு சொல், 'லத்ராம்',
பிறகு ஒன்பது பேருடைய சிரிப்பு.
அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

காலையில் மூவாயிரத்து ஐந்நூறை
மூவாயிரம் என்றேன்.
ஏன் என்று அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

காசை எண்ணிக்கொண்டே
தங்கைக்குக் குரல் போடத் தொடங்கினாள்,
சாட்சி கைக்கு வந்துவிட்ட உசாரில்.
பாதியில் தலையைத் திருப்பி
"சூவா" என்றாள்.
தங்கைக்குத்தான் சொன்னாள், எனக்கில்லை.

ஓடிப்போய்ப் பலகையை உள்ளே இழுத்தேன்.
இழுத்த பிறகுதான் உறைத்தது:
வானத்தை நான் பார்க்கவேயில்லை.
ஒருவரும் எனக்குத் தமிழில் சொல்லவுமில்லை.

எர்மீனா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.
என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்,
முதல் துளிகள் ரோட்டில் புள்ளி போடுவதைப் பார்த்தாள்.
"விடு கா," என்றாள்.
"மீன்தானே. நனையட்டும்."