பிறந்த இடம்

துறைமுகத்து நுழைவுச்சீட்டு மேசை.
பத்தரைக்கே மின்விசிறி நின்றுவிட்டது.
பாஸ்போர்ட்டை நீட்டினான்
பழுதுபார்க்க வந்த மீன்கப்பலின்
இரண்டாம் எஞ்சினியர்,
ஷுர்ஷோ கஸ்டினேய்ரா.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்குள்
என் குடும்பப்பெயர் இருந்தது.

ஓரெழுத்துத்தான் பிசகு.
நாங்கள் வ போடும் இடத்தில்
அவர்களுக்கு ப.

என் கழுத்து அட்டையை அவனும் வாசித்தான்:
எமரென்சியா கர்வாலோ.
என் ஊரை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று
உடைந்த ஆங்கிலத்தில் சிரித்தான்.

ஊராவதற்கு முன் அது மரமாம்.
மழை ஓயாத கலீசியாவில்
பன்றிகள் அதன் கொட்டை விழக் காத்திருக்குமாம்.
அவன் பெயரும் மரம்தான், வேறு மரம்.
பெரேரா? பேரிக்காய் மரம்.
சில்வா? முட்புதர்.
பொன்சேகா? வற்றிய ஊற்று.
எங்கள் ஒழுங்கையின் தபால்பெட்டிகளில்
மேய்ந்துவிட்டுப் போனது ஒரு பன்றி.

கொழும்பு என்றால், என்று கேட்டான்.
காய்க்காத மாமரம், வெறும் இலை என்பார்கள்,
யார் கண்டது.
முகத்துவாரம் எனக்கு நிச்சயம்:
ஆறு கடலுக்கு வாய் திறக்கும் இடம்.
கொம்பனித்தெருவின் ஆங்கிலப் பெயரை
நான் சொல்லவில்லை.

முத்துக்குளித்துறையில் யாரோ ஒரு பாட்டனின்
தலையில் தண்ணீர் ஊற்றிய அன்று
ஞானத்தகப்பனாய் நின்ற மாலுமி
கழற்றிக் கொடுத்த பெயராய் இருக்கலாம்.
மரத்தைக் காணாமலே வாங்கிக்கொண்டோம்.
(அன்றிரவு அகராதி பார்த்தேன்.
தமிழில் அதற்குக் கருவாலி.
தற்செயல்தான். ஆனாலும்
இரண்டு தரம் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன்.)

தகப்பன் பெயர்?
சந்தியாப்பிள்ளை.
சந்தியாகோ! என்று மேசையைத் தட்டினான்.
அந்த அப்போஸ்தலரின் கல்லறை
அவன் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை:
எண்பத்து மூன்று, ஜூலை இருபத்தைந்து,
சந்தியாகு திருநாள்.
கொட்டாஞ்சேனைச் சந்தியில் அப்பாவை மறித்துப்
பெயர் கேட்டார்கள்.
ஒருவன் கையில் பெற்றோல் போத்தல்.
இரண்டு பெயரும் ஒரே கடல் கடந்து வந்தவை,
ஒன்றில் மட்டும் பிள்ளை ஒட்டியிருந்தது.
அப்பா அதை விழுங்கினார்.
கர்வாலோ, என்றார்.
பறங்கி போல, விடு, என்றான் போத்தல்காரன்.

அதற்குப் பிறகு
சந்தியா என்று யார் கூப்பிட்டாலும்
உடனே திரும்பமாட்டார்.
முதலில் கூப்பிட்டவரின் கையைப் பார்ப்பார்.

அவன் நேரமாகிறது என்றான்.
சீட்டில் பிறந்த இடத்தை எழுதினேன்.
பழக்கதோஷத்தில் வ விழுந்துவிட்டது.
வெட்டிவிட்டு, பக்கத்தில் ப போட்டு,
சின்னதாய்க் கையொப்பமிட்டேன்.