ஒன்று, ஐந்து, ஒன்பது

மானியப் படிவத்தில் ஏழாம் கேள்வி:
‘உங்கள் இசையில் யாருடைய தாக்கம் உண்டு?
ஐம்பது சொற்களுக்குள்.’
நள்ளிரவோடு கெடு முடிகிறது.
ஜாலான் புசாரில் கோப்பிக்கடைக்காரர்
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.
நாங்கள் நால்வர், ஒரு மடிக்கணினி,
அதில் பதினொரு விழுக்காடு உயிர்.

மிசிசிப்பி என்று போடு, என்றாள் மெல்வினா.
அதற்கு எத்தனை ‘சி’?
ஒருவரும் போனதில்லை.
நான் பார்த்த பெரிய ஆறு ஜொகூர் ஆறு,
அதுவும் பேருந்துச் சன்னல் வழியாக,
பாதித் தூக்கத்தில்.

அந்தப் பாட்டெல்லாம்
பருத்திக் காட்டில் வேறு முதுகுகள் வாங்கிய அடி.
அவர்கள் பெயரை இந்தக் கட்டத்துக்குள் எழுதக்
கை கூசுகிறது எனக்கு;
கடன் கொடுத்தவரைக் கல்யாணப் பத்திரிகையில்
தாய்மாமன் என்று அச்சடிப்பதுபோல.

உண்மையைச் சொல்லட்டுமா, என்றான் ரோஸ்லி.
செம்பவாங்கில் இறங்கிய மாலுமி ஒருவன்
டாக்சியில் விட்டுப்போன கேசட்.
அப்பாவின் வண்டியில், கண்ணாடிக்கு அடியில்,
ஒரு வருஷ வெயில் தின்றது.
நாடா இளகி
ஒவ்வொரு சுரமும் கடைசியில் தொய்யும்.
அந்தத் தொய்வைத்தான் ஆர்கனில் பழகினேன்.
இருபது வருஷம் கழித்து இசைத்தட்டில் கேட்டால்
அந்த ஆள் நேராக வாசித்திருக்கிறார்!
எனக்குக் குரு வெயில்.
எழுதிக்கொள்.

எழுதவில்லை. சிரித்தோம்.
மெல்வினா சிரிக்கவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயதில்
கடைத்தொகுதியில் அறிவிப்பு வேலை.
சிவப்புச் சட்டை, நான்கு வயது, பெயர் தெரியவில்லை,
இரண்டாம் தளத்துக்கு வரவும்.
மேலாளர் சொன்னாராம்:
உன் குரல் பதறக் கூடாது;
கேட்கிற தாய் பதற வேண்டும்.
இன்றைக்கும் மைக்கைப் பிடித்தால்
அவள் யாரோ ஒரு பிள்ளையைக்
கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது
அதனால்தான்.

பூன் கெங் ஒன்றும் சொல்லவில்லை.
மேசை விளிம்பில் இரண்டு விரல்.
டும்-ட டும்-ட டும்-ட.
பகலில் அவன் எரிவாயு உருளைகளைச்
சாய்த்து உருட்டுகிறவன்.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.
நான் பாஸ் கிட்டார்.
என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, பழக்கமில்லை.

தோ பாயோவில் எங்கள் புளோக் பன்னிரண்டு மாடி.
மின்தூக்கி நிற்பது
ஒன்று, ஐந்து, ஒன்பது.
வீடு பதினொன்றில்.
ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு
ஒன்பதில் இறங்கி,
மூச்சு வாங்கப் பத்து,
பதினொன்றில் செருப்பைக் கழற்றுவேன்.
ப்ளூஸுக்குப் பன்னிரண்டு கட்டம் என்று
யாரோ பின்னால் தாளில் போட்டுக் காட்டினார்கள்.
ஐந்தாவதில் சுருதி நகரும்,
ஒன்பதாவதில் உச்சம்,
பத்தில் ஓர் அடி இறங்கும்,
பதினொன்றில் வீடு.
தாளைப் பார்க்கவே இல்லை நான்.
முழங்காலுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு?
பன்னிரண்டாம் மாடிக்காரரை எனக்குத் தெரியாது.
இரவில் எங்கள் கூரைமேல்
கோலிக்குண்டு உருளும் ஓசை மட்டும்.
சுற்று முடிந்துவிட்டது, மறுபடி தொடங்கு
என்று அதற்கு அர்த்தம்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
கட்டம் காலியாகவே இருந்தது.
காலியாக விட்டால் படிவம் நகராது,
சிவப்பில் திட்டுகிறது.
ரோஸ்லி குனிந்து
ஒரே ஒரு புள்ளி வைத்தான்.
ஏற்றுக்கொண்டது.

கடைக்காரர் விளக்கை அணைத்தார்.
மெல்வினா இன்னும் திரையைப் பார்த்தபடி,
சிவப்புச் சட்டை, என்றாள் மெதுவாக,
யாருக்கும் இல்லை.
பூன் கெங்கின் விரல்கள் நிற்கவில்லை.
நான் ஐந்துக்காகக் காத்திருந்தேன்.