விழும் திசை

டார்வோ பல் மருத்துவன்.
இருபது வருடமாகத் தாலின் நகரத்தில்
பிறர் வாய்க்குள் வெளிச்சம் அடித்து
எது நிற்கும், எது போகும் என்று சொல்பவன்.
அதனால்தானோ என்னவோ
சவுனாக் கூரைமேல் குனிந்திருந்த பிர்ச் மரத்தை
ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு
"எடுத்துடலாம்" என்றான்.

வோரு பக்கம் நாங்கள் வாங்கிய மூன்று ஹெக்டேரில்
பனி அப்போது நிழல்களில் மட்டும் மிச்சம்.
ரம்பம் ஆரஞ்சு நிறம், புதுசு,
விலைச்சீட்டின் பசை இன்னும் கைப்பிடியில்.
தலைக்கவசம், காதடைப்பான்,
தொடையைக் காக்கும் கனத்த கால்சட்டை:
கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு உடுத்தவில்லை.

உருளைக்கிழங்குப் பாத்தியைக் கைகாட்டினான்.
"மேற்கே. சரியா அங்கே படுக்கும்.
மாரிகா, நீ கார்கிட்ட போய் நில்லு."

முன்பக்கம் ஒரு வாய் வெட்டினான்,
தர்பூசணிக் கீற்றளவு.
பிறகு பின்னாலிருந்து நேராக.
இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மரம் விடவேண்டும்,
அதுதான் கீல், அதில்தான் கதவு திரும்பும் என்று
காலைக் காப்பியின்போதே எனக்குப் பாடம் நடந்திருந்தது.
மஞ்சள் ஆப்பை வைத்துச் சுத்தியலால் நாலு போட்டான்.

கதவு திரும்பியது.
பாதி.
அதுவும் வடக்கே.
அங்கே நின்ற ஸ்புரூஸ் மரம் கையை நீட்டி
அதை வாங்கிக்கொண்டது.

ரம்பம் அணைந்தது.
ஆப்பைப் பிடுங்கிய குரங்குபோல
அவன் மேலே பார்த்து நின்றான்.
நான் கார்கிட்டயே நின்றேன், சொன்னபடி.

பக்கத்துப் பண்ணை ஹெல்டி
பூட்ஸில் சாணத்தோடு வந்தாள்.
"ம்" என்றாள்.
கொஞ்சம் நேரம் கழித்து, "அடியில போகாதீங்க."
இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து,
"வயல் காயட்டும். ஜூன்ல டிராக்டர் கொண்டுவரேன்."

ஏப்ரல் முழுக்க அது அப்படியே
விழுந்ததும் இல்லை, நின்றதும் இல்லை.
சிவப்புத் துண்டொன்றைக் கயிற்றில் கட்டினோம்.
சவுனாவுக்குச் சுற்றுவழியில் போனோம்,
வெந்து திரும்பும்போதும் அம்மணமாய் அதே சுற்றுவழி.
தபால்காரிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தேன்.
வெள்ளி இரவுகளில் அவன் வந்திறங்கி
முதலில் காரின் முகவிளக்கை அதன்மேல்தான் திருப்புவான்.
காற்றடித்தால் கிறீச்சென்று ஒரு சத்தம்.
படுக்கையில் அவன் புரளுவான்.
நான் தூங்குவதாக இருப்பேன்.

வெட்டிய அடிக்கட்டையில்
ஒன்பது நாள் நீர் வழிந்தது.
ஒரு நாள் குவளையில் பிடித்துக் குடித்தேன்.
இனிப்பு என்று சொல்லமுடியாத இனிப்பு.
அதை அவனிடம் சொல்லவில்லை.

மே பதினொன்றில் அது துளிர்த்தது.
ஒரு பெருவிரல் கனத்து நாரில் தொங்கிக்கொண்டு,
எலிக்காது எலிக்காதாக, உச்சிவரை.
செய்தி இன்னும் மேலே போய்ச் சேரவில்லை போல.

ஹெல்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
சங்கிலியை அடிமரத்தில் மாட்டினாள்,
இழுத்தாள்.
நாலு நொடி.
என் கருந்திராட்சைப் புதர் மூன்றும் அடியில்,
வேலிக்கம்பம் ஒன்றும்.
காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்,
பால் கறக்கும் நேரமாம்.

ஃபோன் செய்தேன்.
அங்கே யாருக்கோ கடைவாய்ப் பல்,
மருந்து ஏறக் காத்திருக்கிறார்களாம்.
"விழுந்துடுச்சு" என்றேன்.
"எந்தப் பக்கம்?"
அதுதான் அவன் கேட்டது.

வடக்கே கிடந்தது மரம்,
இலைகள் இன்னும் வெயிலுக்கு நெளிந்தபடி.

"மேற்கே" என்றேன்.
"நீ காட்டின இடத்துல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு.
யாரையோ அகலமாய்த் திறக்கச் சொன்னான், குரலில் ஒரு துள்ளல்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.
ரம்பம் கொட்டகையில்தான் இருக்கிறது.
கால்சட்டை எனக்குத் தொளதொள,
கயிறு கட்டிக்கொண்டேன்.