நிகர எடை

நாலு வயது ஒரு மாதம்.
எத்தனை வார்த்தை பேசுவாள் என்றார் மிஸ்ஸி நோரைனி,
பேனா மூடியைக் கடித்தபடி.
நான் விரல் விட்டு எண்ணினேன்.

பா. அது பால், சில நேரம் நான்.
மாம்.
த்தா என்றால் கொடு.
நாக், பாலர் பள்ளியில் ஒட்டிக்கொண்டது.
மலாய் வார்த்தையும் கணக்குத்தான் என்றார்.
போ. அது மட்டும் சுத்தமாக வரும்,
தலை சீவ யார் சீப்போடு வந்தாலும்.
லோரி பின்னால் வரும்போது
பீப் பீப் பீப் என்கிறாளே, அது?
அது சத்தம், வார்த்தை இல்லை.
ஆறாவது விரலை மடக்கிக்கொண்டேன்.

எடை போடுவது என் பிழைப்பு.
பீடோங் தாண்டி செம்பனை ஆலை,
வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
குலையோடு லோரி மேடை ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும், இன்னோர் எண்.
கழித்தால் கிடைப்பது பழம்.
பதினோரு வருடம்
யாருக்கும் ஒரு கிலோ கூட்டியதில்லை,
கோப்பி வாங்கி வைத்தவர்களுக்கும்.

அன்று கிளினிக்கில்
கைப்பேசி எவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று கேட்டதும்
ஒரு மணி நேரம் இருக்கும் மிஸ்ஸி
என்றது என் வாய்.
தமயந்தி என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் பல் துலக்கும் முதலையைப் பார்த்தாள்.
கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு
மத்தியானம் அவள் கண் அசரும்போது
பிள்ளையைப் பார்த்துக்கொண்டது எது?
நாலு மணி நேரம். மழை நாளில் ஐந்து.
ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே ஆடும் காய்கறிகள்.

ஒரே மொழியில் பேசுங்கள் என்றார்கள்.
எந்த மொழியானாலும் பேசுங்கள் என்றார்கள், வேறு சிலர்.
மளிகைக்கடை அக்கா
வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து
நாக்கில் தடவச் சொன்னாள்.
தடவினோம்.
துப்பிவிட்டுச் சொன்னாள்: போ.

என் மச்சான் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்,
இப்ப இன்சூரன்ஸ் விக்கிறான், மூட மாட்டேங்கிறான்
என்றார் லோரி ஓட்டும் சன்னாசி அண்ணன்.
சிரித்தேன்.
அன்றைக்கு ஒரு சீட்டைத் தப்பாக அடித்தேன்.

சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில்
காதைச் சோதித்தார்கள். நல்ல காது.
பேச்சுப் பயிற்சிக்குத் தேதி
ஏழு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.
தனியாரில் அடுத்த வாரமே கிடைக்கும்,
மணிக்கு நூற்றைம்பது ரிங்கிட்.
வீட்டுக்கு வரும் வழியில்
இருவரும் மனதுக்குள் பெருக்கிக்கொண்டு வந்தோம்,
பின் சீட்டில் அவள் ஜன்னலை நக்கினாள்.

சனிக்கிழமை கூண்டுக்குக் கூட்டிவந்தேன்.
சிவப்புப் பேனாவை எடுத்து அலமாரிக்கு மேலே வை என்றேன்.
எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்தாள்.
நாற்காலியைப் பற்றி நான் சொல்லவே இல்லை.
உள்ளே போனது எவ்வளவு,
வெளியே வந்தது எவ்வளவு,
கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
மீதி பெரிய எண்ணாகவே வந்தது.

மேடை காலியாக இருந்தபோது ஏறி நின்றாள்.
பதினாலு கிலோ.
இருபதுக்குக் கீழே எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
குதித்தாள். பூஜ்யம்.
இன்னும் வேகமாகக் குதித்தாள். பூஜ்யம்.
பீப் பீப் பீப்
என்று பின்னால் நடந்து இறங்கினாள்,
இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, ஒழுங்கான டிரைவர் மாதிரி.

கிளினிக்குக்குப் போன் போட்டேன்.
மிஸ்ஸி, ஒரு மணி நேரம் இல்லை. நாலு.
தெரியும் என்சிக் என்றார்.
எல்லாரும் ஒன்று என்றுதான் சொல்வார்கள்.
திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
கண்ணில் படுவதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்,
பதிலுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் என்றார்.

சொல்கிறேன்.
லோரி. ஈர லோரி. பழம் கொட்டிய லோரி.
சொல்லிவிட்டு இடம் விடுகிறேன்.
அந்த இடத்தில் ஆலை இரைகிறது.
சொல்கிறேன். சன்னாசி மாமா. சீட்டு. கை ஆட்டுறார்.
இடம் விடுகிறேன்.

சீட்டை வாங்கிக்கொண்ட சன்னாசி அண்ணன்
இஞ்சினை உறுமவிட்டு நிற்கிறார், போகாமல்,
அவளையே பார்த்துக்கொண்டு.

போ, என்றாள்.

லோரி போனது.
அது வளைவில் மறையும்வரை பார்த்தாள்,
பிறகு என்னை,
இது எப்படி நடந்தது என்பதுபோல.
பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது.